வயதும் ஊரும் எதற்கு? கொழும்புத் தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்து இயங்கும் தமிழ் நாளிதழ்கள், செய்தி இணையத்தளங்கள், வானொலி, தொலைக்காட்சிகளின் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் புதுக்கடை நீதவான் நீதிமன்றங்களில் வழக்குப் பேசும் ஒரு பெண் சட்டத்தரணி. நீங்கள் அடிக்கடி போடுகிற ஒரு செய்தியைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் செய்தி உங்களுக்கு மனப்பாடம். "மசாஜ் நிலையம் என்ற போர்வையில் இயங்கிவந்த விபசார விடுதி சுற்றிவளைப்பு" என்று தொடங்கும். பொலிஸாருக்கு இரகசியத் தகவல் கிடைத்தது, நீதிமன்ற உத்தரவு பெறப்பட்டது, ஒருவர் வாடிக்கையாளர் போல உள்ளே அனுப்பப்பட்டார், முகாமையாளரும் நான்கு பெண்களும் கைது. கடைசிப் பந்தியில் வழமையான வரி: கைதான பெண்கள் 23, 27, 31, 38 வயதுடையவர்கள், பதுளை, நாவலப்பிட்டி, வவுனியா, அம்பாறைப் பிரதேசங்களைச் சேர்ந்தவர்கள். மேலே ஒரு படம். துப்பட்டாவாலும் தலைமுடியாலும் கையில் அகப்பட்ட தலையணை உறையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறும் பெண்கள்.

அந்தக் கடைசிப் பந்தியும் அந்தப் படமும்தான் இந்த மடலின் விஷயம். 'விபசாரி' என்று போடுவதா 'பாலியல் தொழிலாளி' என்று போடுவதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அதை வேறொரு நாள் பேசலாம். எந்தச் சொல்லைப் போட்டாலும் ஊரும் வயதும் படமும் போனால் அந்தப் பெண்ணுக்கு நடப்பது ஒன்றுதான்.

முதலில் சட்டம். வயதுவந்த ஒருவர் காசு வாங்கிக்கொண்டு இன்னொரு வயதுவந்தவரோடு தனியிடத்தில் உறவு கொள்வது இலங்கையில் அதனளவில் குற்றமில்லை. இதைச் சொன்னால் சட்டம் படித்தவர்களே சில நேரம் நெற்றியைச் சுருக்குவார்கள். சட்டம் குற்றமாக்கியிருப்பது அதைச் சுற்றியிருப்பவற்றை: பொது இடத்தில் ஆள் அழைப்பது, விடுதி நடத்துவது, தெரிந்துகொண்டே அதற்கு இடம் கொடுப்பது, இன்னொருவரின் அந்த வருமானத்தில் பிழைப்பது, ஆள் பிடித்துக் கொடுப்பது. தெருவுக்கு 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். விடுதிக்கு 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம். இரண்டுமே வெள்ளைக்காரன் எழுதியவை. 1841 என்றால் கோப்பிக் காலம். கோப்பித் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் வந்திறங்கிய எங்கள் சனம் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே செத்துக்கொண்டிருந்த காலம். வேலை செய்ய உடலில் பலமிருந்தும் செய்யாதவன், அடுத்தவன் விறாந்தையில் படுத்தவன், பிச்சையெடுத்தவன், தெருவில் அடக்கமில்லாமல் நடந்துகொண்டாள் என்று சொல்லப்பட்ட பெண், எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்ட சட்டம் அது. அதற்கு முன்மாதிரியாக இருந்த 1824ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்தை நீக்குவதற்கு பிரித்தானிய நாடாளுமன்றமே 2022இல் சட்டம் நிறைவேற்றிவிட்டது. நாங்கள் அதன் பிள்ளையை இன்னும் ஊட்டி வளர்க்கிறோம்.

சரி, சுற்றிவளைப்பில் பிடிபட்ட பெண்ணுக்கு வருவோம். அவர் விடுதிச் சொந்தக்காரியும் இல்லை, முகாமையாளரும் இல்லை. பிறகு எப்படி வழக்குப் போடுவது? பெரும்பாலும் முகாமைக்கு உதவினார் என்று போடுவார்கள். எதிர்த்துப் பேசக்கூடிய வழக்குத்தான். ஆனால் எதிர்த்தால் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் உழைப்பு போகும், பஸ் காசு, சட்டத்தரணி காசு, நீதிமன்ற வாசலில் ஊர்க்காரர் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற நடுக்கம். ஆகவே "குத்தத்த ஒத்துக்கிறேங்க மிஸ், இன்னைக்கே முடிச்சு விட்ருங்க" என்பார்கள். இந்த வழக்குகளில் என் காதில் அதிகம் விழுந்த வாக்கியம் அதுதான். செய்யாத முகாமைத்துவத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டு, தண்டப் பணத்தைக் கட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் போய்விடுவார்கள். நீதிமன்றத்தைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. உங்கள் செய்தி அன்று பின்னேரம்தான் ஓடத் தொடங்கும்.

வயது 27, நாவலப்பிட்டி. செய்தியறையில் இருக்கும் உங்களுக்கு அது ஒரு ஊர்ப்பெயர். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழும்புக்கு வேலைக்குப் போன 27 வயதுப் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? லயத்தில் அன்றிரவே கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். கணக்குப் பிழைத்தும் போகும். புறக்கோட்டையில் புடவைக்கடையில் நின்று வேலை செய்யும் பிள்ளையை, கறுவாத்தோட்டத்தில் யாரோ வீட்டில் சமைக்கும் பிள்ளையை, கட்டுநாயக்கவில் காமன்ட் வேலைக்குப் போகும் பிள்ளையைப் பேசவந்த சம்பந்தம் திரும்பிப் போகும். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். உங்கள் ஒரு வரி எத்தனை பெண்களின் மேல் விழுகிறது என்று பாருங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று சொல்வீர்கள். சுடிதாரை மங்கலாக்கவில்லையே. அந்தச் சுடிதாரைத் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த தங்கச்சிக்கு முகம் தேவையில்லை.

முன்பென்றால் பத்திரிகை அடுத்த நாள் கடலை சுற்றப் போய்விடும். இப்போது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பேஸ்புக்கில் உங்கள் பக்கத்தின் கீழ் வரும் கருத்துகளை நீங்கள் வாசிக்கிறீர்களோ தெரியாது. "ஊரைச் சொன்ன நீங்க பேரையும் சொல்லுங்க" என்று கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் வேறு யாராவது பெயரையும் சொல்லிவிடுவார்கள்.

இனி, நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். உங்கள் செய்தி, நடந்து முடிந்த ஒரு கைதைப் பற்றிய தகவல் மட்டும் என்று நினைக்கிறீர்கள். அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு அது அன்றாட வேலை நிலைமையின் ஒரு பகுதி. கைதாகாத பெண்ணுக்கும்தான். "பேப்பர்ல போட்டுடுவோம்" என்பது கொழும்பில் அவர்களைப் பார்த்து எல்லோரும் சொல்லும் மிரட்டல். சம்பளப் பாக்கி கேட்டால் முதலாளி சொல்லுவார். காசு கொடுக்காமல் போகப் பார்க்கும் வாடிக்கையாளர் சொல்லுவார். மாதாமாதம் 'பார்த்துக்கொள்ள' வருகிறவர் சீருடையிலும் சொல்லுவார், சிவில் உடையிலும் சொல்லுவார். நீதவான் கொடுக்கக்கூடிய தண்டனை முதல் தடவைக்கு ஆறு மாதச் சிறைக்கு மேல் போகாது, பெரும்பாலும் தண்டத்தோடு முடியும். அதற்கு அந்தப் பெண்கள் அவ்வளவு பயப்படுவதில்லை. உங்களுக்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை வைத்து வேறு ஆட்கள் சம்பாதிக்கிறார்கள்.

எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பதை, என் கட்சிக்காரர்கள் சொன்னவற்றிலிருந்து, யாரென்று தெரியாதபடி கலந்து சொல்கிறேன். கொழும்பிலும் புறநகரிலும் இருக்கும் பல ஸ்பாக்களில் அடிப்படைச் சம்பளம் என்று ஒன்று இல்லை. வாடிக்கையாளர் காசை முன்மேசையில் கட்டுவார். அதில் ஒரு பங்கு பெண்ணுக்கு. அந்தப் பங்கிலிருந்து சாப்பாட்டுக்குக் கழிவு, உடுப்புக்குக் கழிவு, துவாய் கழுவக் கழிவு, பிந்தி வந்தால் கழிவு. பொலிஸ் செலவு என்றே ஒரு கழிவு இருக்கும். ஆள் வராத நாளில் பூச்சியம். இரவில் படுப்பது அதே மசாஜ் கட்டிலில். தேசிய அடையாள அட்டை முதலாளியின் லாச்சியில். வேறு இடத்துக்குப் போகிறேன் என்றால் அட்டை கிடைக்காது, பாக்கியும் கிடைக்காது.

இதே கதையை ஒரு கடைச் சிப்பந்திப் பெண் வந்து சொன்னால் நான் என்ன செய்வேன்? 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து. ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. முறைப்பாட்டை எழுதிக் கொடுத்து அனுப்புவேன். ஸ்பாப் பெண்ணையும் அனுப்பலாம். வியாபாரப் பெயர் பதிந்த இடம், ரசீது அடிக்கிற இடம். ஆனால் போகமாட்டார். முறைப்பாட்டில் வேலைத்தளத்தின் பெயர் எழுத வேண்டும், ஒரு அதிகாரி விசாரிக்க வருவார், முதலாளி பதிலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பார், அடுத்த கிழமை சுற்றிவளைப்பு, அதற்கடுத்த நாள் நீங்கள். இந்த வரிசை அந்தப் பெண்களுக்கு அத்துப்படி. அங்கே கூட்டித் துடைக்கிற அம்மா, முன்மேசையில் தொலைபேசி எடுக்கிற பிள்ளை, இவர்களும் அதே காரணத்தால்தான் வாய் திறப்பதில்லை.

ஆணுறை விஷயமும் இப்படித்தான். சுற்றிவளைப்பில் ஆணுறைப் பெட்டியை மேசையில் பரப்பிப் படமெடுப்பார்கள், நீங்களும் "ஆணுறைகள் மீட்பு" என்று போடுவீர்கள், வெடிமருந்து மீட்டதுபோல. அதை வாசிக்கும் ஸ்பா முதலாளி என்ன முடிவெடுப்பார்? இடத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிடுவார். தேவையென்றால் வாடிக்கையாளரே கொண்டுவரட்டும் என்பார். கொண்டுவராதவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம் என்பதற்காகக் கூடக் காசு நீட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதே ஆணுறையை அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இலவசமாகக் கொடுக்கின்றன. கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் இருக்கும் தலைமைச் சிகிச்சை நிலையத்தில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம், யாரென்று வெளியே சொல்வதில்லை. இலங்கையர் ஒருவரிடம் முதன்முதலாக எச்.ஐ.வி தொற்று கண்டறியப்பட்டது 1987இல். இன்றும் வயதுவந்தோரில் தொற்று 0.1 வீதத்துக்குக் கீழ்தான். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இதில் பெரும் பங்கு யாரையும் அவமானப்படுத்தாமல் வேலை செய்த அந்தச் சிகிச்சை நிலையத் தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும். பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தால், அந்தத் தொழிலில் இருப்பவர்களிடமும் அவர்களிடம் வருபவர்களிடமும் பத்து வருடத்தில் புதிய எச்.ஐ.வி தொற்றுகளில் 33 முதல் 46 வீதம் வரை தடுக்கலாம் என்று 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. தாதிமார் கட்டியதை ஒரு 'மீட்பு'ப் படம் எவ்வளவு இடிக்கும் என்று நீங்கள் கணக்குப் பார்த்ததுண்டா?

இன்னொன்று. கைதான பெண்களைப் பாலியல் நோய்ச் சோதனைக்கு அனுப்பி அறிக்கை எடுப்பது வழக்கம். (கூட இருந்த ஆண்களை அனுப்பியதை நான் கண்டதில்லை.) அந்த அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்த கையோடு, "கைதான பெண்களில் இருவருக்குப் பாலியல் நோய்" என்று தலைப்புப் போடுகிறீர்கள். ஒரு மந்திரியின் சீனி வருத்த அறிக்கை உங்கள் கைக்குக் கிடைத்தால் போடுவதா விடுவதா என்று சட்டத்தரணியைக் கேட்பீர்கள். இதற்கு யாரையும் கேட்பதில்லை.

தெருவில் நிற்பவர்களின் நிலைமை வேறு. கோட்டை ரயில் நிலையத்தைச் சுற்றி, மருதானையில், புறக்கோட்டை பஸ் நிலையப் பக்கம் நிற்பவர்கள் அநேகம் வயது போனவர்கள். முதலாளி இல்லை, கழிவு இல்லை, கதவும் இல்லை. அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவர்களைப் பிடிக்க அவர்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தெரிந்த முகம் என்பது போதும். தேநீர் குடித்துக்கொண்டு நின்றவரைப் பிடித்து வந்திருக்கிறார்கள், மருந்து வாங்கப் போனவரைப் பிடித்து வந்திருக்கிறார்கள். திருநங்கைகளைப் பிடிப்பதற்கும் இதே சட்டம்தான் கைகொடுக்கிறது. 1907ஆம் ஆண்டின் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டம் என்று இன்னொன்றும் உண்டு. கங்கொடவிலையில் இருக்கும் மெத்செவன என்ற அரச தடுப்பு இல்லத்துக்குப் பெண்களை அனுப்பியது அதன் கீழ்தான். ஆனால் இந்த வழக்குகள் உங்கள் பத்திரிகையில் வருவதேயில்லை. கட்டில் இல்லை, ஸ்பா இல்லை, இளம்பெண் இல்லை. செய்தி மதிப்பு எதில் இருக்கிறது என்று இதிலிருந்தே விளங்குகிறதல்லவா?

தமிழ்ப் பத்திரிகைகளிடம் இதை ஏன் குறிப்பாகக் கேட்கிறேன் என்றால், இரண்டு காரணம்.

2007 ஜூன் 7ஆம் திகதி உங்களுக்கு நினைவிருக்கும். விடியப்புறம் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் பொலிஸ் ஏறி, 370க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. வயது என்ன, சொந்த ஊர் எது, கொழும்பில் என்ன வேலை, எத்தனை நாளாய் இந்த அறையில் என்பதுதான் அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த ஒவ்வொரு தமிழரையும் துரத்திய கேள்விகள். பொலிஸ் பதிவுப் பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் இப்போது உங்கள் செய்தியறைகளிலேயே மூத்த ஆசிரியர்களாக இருக்கிறார்கள். நான் இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அது இனத்தை வைத்து நடந்தது, அதன் பாரம் வேறு. ஆனால் லொட்ஜ் அறைக் கதவு தட்டப்படும்போது உள்ளே இருப்பவருக்கு என்ன நடக்கும் என்று தெரிந்த பத்திரிகைகள் நீங்கள். அன்று பொலிஸ் சொன்னதைப் போட்டுவிட்டு நீங்கள் நிற்கவில்லை. பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களிடமும் கேட்டீர்கள்.

இரண்டாவது காரணம் மொழி. மலையகத்திலிருந்தும் வடக்கு, கிழக்கிலிருந்தும் வந்த பெண் பொலிஸில் தமிழில் பேசுவார். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைப்பார். தமிழ் அரசகரும மொழியாகி, 1987இலிருந்து கணக்கெடுத்தால், ஒரு தலைமுறை கடந்துவிட்டது. என் கையில் வரும் வழக்கேடுகளில் அது தெரிவதில்லை. அந்தச் சிங்களத் தாளிலிருந்து பொலிஸ் ஊடகக் குறிப்பு வரும். அதை உங்கள் உதவி ஆசிரியர் தமிழாக்குவார். அப்படியாக, தமிழில் பேசிய ஒரு பெண்ணைப் பற்றித் தமிழில் வரும் ஒரேயொரு எழுத்து, அவர் சொன்ன எதுவும் இல்லாத எழுத்தாக இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் அவருடைய மொழியில் ஒரு கேள்வி கேட்கக்கூடியவர்கள் இந்த நகரத்தில் நீங்கள்தான். கேட்டிருந்தால், மூன்று மாதச் சம்பளப் பாக்கி என்ற செய்தி கிடைத்திருக்கும். அடையாள அட்டை லாச்சியில் என்ற செய்தி கிடைத்திருக்கும். மாதாமாதம் யார் வந்து போனார் என்பதும் கிடைத்திருக்கும், அதைப் போடுகிற தைரியம் இருந்தால்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும், நீதிமன்ற நடையில் உங்கள் நிருபர்களோடு தேநீர் குடித்திருக்கிறேன். "பொலிஸ் தந்ததைத்தானே போட்டோம்" என்பது முதலாவது. பொலிஸ் தருவது எல்லாவற்றையும் நீங்கள் போடுவதில்லை. பணக்கார வீட்டுப் பையன் குடித்துவிட்டுக் காரை இடித்தால் "பிரபல வர்த்தகரின் புதல்வர்" என்று மட்டும் போட உங்களுக்குத் தெரிகிறது. "குற்றம்தானே" என்பது இரண்டாவது. குற்றமா இல்லையா என்று தீர்க்கும்வரை நிரபராதி என்று அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை சொல்கிறது. படம் எடுக்கப்படுவது ஜீப் ஏறும்போது, தீர்ப்புக்குப் பிறகு இல்லை.

மூன்றாவது பதில்தான் கனமானது. "கடத்தி வந்து கட்டாயப்படுத்துகிறார்களே, அதை வெளிப்படுத்தக் கூடாதா?" கட்டாயம் வெளிப்படுத்துங்கள். அப்படியான வழக்குகள் இருக்கின்றன. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அது தொழிலே இல்லை, நேரடியான பாலியல் சுரண்டல். தண்டனைச் சட்டக்கோவையின் 360ஆ பிரிவில் அதற்கு இடமிருக்கிறது. வயதுவந்த பெண்ணை ஏமாற்றிக் கொண்டுவந்தால் 360அ, ஆட்கடத்தல் என்றால் 360இ. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பெண் இப்படி ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்டதாக நீங்கள் எழுதுகிற கணத்தில் அவர் பாதிக்கப்பட்டவர் ஆகிறார். 1995இல் சேர்க்கப்பட்ட 365இ பிரிவு, 360அ உட்பட்ட சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ அச்சிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இரண்டு வருடம்வரை சிறை. "தரகர் ஒருவர் மூலம் அழைத்துவரப்பட்ட நாவலப்பிட்டிப் பெண் (27)" என்று படத்தோடு போட்ட செய்தியில், சட்டப்படி அதிகம் கவலைப்பட வேண்டியவர் யார் என்று உங்கள் நிறுவனச் சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள். விரும்பி வந்தவர் என்றால் நிரபராதி என்ற அனுமானம், இழுத்துவரப்பட்டவர் என்றால் 365இ. எந்தப் பக்கம் பார்த்தாலும் படம் போட இடமில்லை.

பக்கத்து நாட்டில் இது எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். கொன்றவரின் மேன்முறையீட்டை 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததோடு, அந்தத் தொழிலில் இருப்பவர்களின் வாழ்க்கையைப் பற்றிய பொதுநல வழக்காக அதைத் தானே மாற்றித் தொடர்ந்தது. புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு என்று பெயர். 2022 மே 19ஆம் திகதிக் கட்டளையில், பொலிஸ் அவர்களை மரியாதையோடு நடத்த வேண்டும், ஆணுறையைக் குற்றச் சான்றாக எடுக்கக் கூடாது என்றெல்லாம் சொன்ன நீதிமன்றம் ஊடகங்களையும் விடவில்லை. கைது, சோதனை, மீட்பு எதுவானாலும், பாதிக்கப்பட்டவரானாலும் குற்றஞ்சாட்டப்பட்டவரானாலும், படமும் அடையாளமும் வெளிவராதபடி வழிகாட்டல் வெளியிட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகைப் பேரவையைக் கேட்டுக்கொண்டது. தொலைக்காட்சிகள் மீட்பு நடவடிக்கை என்ற சாட்டில் படம் ஒளிபரப்பினால் மறைந்து பார்க்கும் குற்றத்துக்கான பிரிவைப் பாயவிடச் சொன்னது. நியூசிலாந்து 2003இலேயே தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. பெல்ஜியத்தில் 2024 டிசம்பரிலிருந்து வேலை ஒப்பந்தம், சுகவீன லீவு, பிரசவ லீவு வரை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் எங்கள் நாடாளுமன்றம் போகும் நாளை நான் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. சட்டம் மாறாமலே உங்களால் நாளைக்கே மாற்றக்கூடியதைத்தான் கேட்கிறேன்.

படம் வேண்டாம்; மங்கலாக்கியதும் வேண்டாம், முதுகும் வேண்டாம். வயதையும் ஊரையும் எடுத்துவிடுங்கள், 'நான்கு பெண்கள்' என்றால் செய்தி குறைந்துபோகாது. மருத்துவ அறிக்கை எவருடையதானாலும் தொடாதீர்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வழக்கு என்று எழுதுங்கள், அதை எழுதத் தொடங்கினாலே பாதி வழக்குகளில் பிரிவே சரியில்லை என்பது உங்களுக்கே வெளிச்சமாகும். கட்டடச் சொந்தக்காரரை விசாரித்தார்களா என்று கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடம் வேறு பெயர்ப்பலகையோடு திறந்திருக்கிறதா என்று ஒரு நிருபரை அனுப்பிப் பாருங்கள், திறந்திருக்கும். பழைய செய்திகள் உங்கள் இணையத்தளங்களில் கிடக்கின்றன. வழக்கு முடிந்தவர் யாராவது எடுக்கச் சொல்லிக் கேட்டால், காரணம் கேட்டுக் குடையாமல் எடுத்துவிடுங்கள். அப்படிக் கேட்பதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரியாவது போட்டு வையுங்கள்.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு எச்சரிக்கையாகவும் சொல்கிறேன். படத்தை எடுத்த இடத்தில் கண்ணீரைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது, வெளிநாட்டு ஊடகங்களோடு சேர்ந்து எங்கள் ஊடகங்களும் "வறுமை தள்ளிய பெண்கள்" என்று எழுதித் தள்ளின. வேலை போன காமன்ட் பெண், பிள்ளையின் பால்மா, பின்பக்கமாகத் திரும்பி நிற்கும் நிழல். அதில் பொய்யில்லை. ஆனால் பிடிபட்டால் அழுக்கு, அழுதால் பாவம் என்ற இரண்டு கதைகளுக்கு நடுவில், சம்பளம் எவ்வளவு, கழிவு எவ்வளவு, அடித்தவன் மேல் வழக்குப் போடலாமா என்று கேட்கிற ஒரு சாதாரண வேலைக்காரர் காணாமல் போய்விடுகிறார். என்னிடம் வருபவர்கள் அந்தச் சாதாரண ஆட்கள்தான். ஒருவர் தன் மகளின் உயர்தரப் பரீட்சைக்கு எந்த ரியூஷன் நல்லது என்று வழக்குக்கு நடுவில் கேட்டார். இன்னொருவர் நுண்கடன் தவணைச் சீட்டைக் காட்டி இந்த வட்டி சட்டப்படி சரியா என்று கேட்டார். (சரியில்லை. அது இன்னொரு மடல்.)

இந்த மடலின் பிரதியை இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கும் அனுப்புகிறேன். இப்போதைக்கு முறைப்பாடாக இல்லை, தகவலுக்காக. என் பெயரை அடியில் போடாததற்குக் காரணம் என் கட்சிக்காரர்கள். சட்டத்தரணியின் பெயரைப் பிடித்தால் வழக்கேட்டைப் பிடிப்பது பெரிய வேலையில்லை. உங்களில் பலரிடம் என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. செய்தியறைக்கு வந்து பேசச் சொன்னால், எந்த நாளும் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வரலாம். ஆனால் இரவுப் பொறுப்பில் இருக்கும் உதவி ஆசிரியர்களும் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். பொலிஸ் குறிப்பு வந்து விழுவது அவர்கள் மேசையில்தான்.

இப்படிக்கு,
புதுக்கடை சட்டத்தரணி ஒருவர்
கொழும்பு 12